கோணகல் களம்

மைசூர் நகரின் இர்வின் சாலை வழியே செல்வோர் வெல்லிங்டன் மாளிகை என வழங்கும் பழங்கட்டடத்தைக் கண்டிருப்பர். பின்னாளில் மானுடவியல் அருங்காட்சியகம் ஒன்று இடம்பெற்ற அம்மாளிகையின் பெயர், வாட்டர்லூக் களத்தில் நெப்போலியனை வென்ற கோமகனுடையது. அவர் அக்காலத்தில் வெறும் கர்னல் ஆர்தர் வெல்லெஸ்லி. சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகையில் தங்கி, மைசூர்ப் படைநிலையை ஆண்டவர். அவர் தனித்தலைமை தாங்கி முடித்த முதற்போர் எது என்று நம் நகரத்து மாணவர் ஒருவரைக் கேட்டால், சீரங்கப்பட்டணம் என்றே விடை வரும். அது பிழை. 1799 மே 4 ஆம் நாள் வீழ்ந்த அக்கோட்டையை முற்றுகையிட்ட படைக்குத் தலைவர் ஹாரிஸ். வெல்லெஸ்லியின் முதற் தனிப்போர் அடுத்த ஆண்டு, செப்டம்பர் 10 ஆம் நாள், கோணகல் என்னும் சிற்றூரின் அருகே முடிந்தது. அதில் தோற்று மாண்டவன் தூந்தாஜி வாக். வாக் என்னும் மராட்டியச் சொல்லுக்குப் புலி என்பது பொருள்.

மைசூரின் புலி என உலகம் அறிந்தது திப்புவை. அவன் வீழ்ந்த பின்னும் பதினாறு மாதங்கள் இன்னொரு புலி கன்னட நாட்டில் உலவியதை நாம் மறந்துவிட்டோம். அப்புலி வீழ்ந்த செய்தி திண்டுக்கல்லையும் சிவகங்கையையும் எட்டியபோது அங்கிருந்தோர்க்கு அது என்ன பொருள்பட்டது என்பதே இக்கட்டுரையின் வினா.

தூந்தாஜி பிறந்தது சிமோகா நாட்டுச் சன்னகிரியில், மராட்டிய மரபினன். ஐதர் அலியின் குதிரைப்படையில் வளர்ந்தவன். மூன்றாம் மைசூர்ப் போரின் குழப்பத்தில் திப்புவின் பணியைவிட்டு நீங்கித் தார்வார்ப் பக்கம் சென்று, சிறு கூட்டம் ஒன்றைத் திரட்டிக்கொண்டு ஊர்களில் கப்பம் தண்டி வாழ்ந்தான். மராட்டியத் தலைவர் தோண்டோ பந்த் கோகலே அவனை விரட்டவே, 1794 இல் மீண்டும் திப்புவிடமே வந்து சேர்ந்தான். திப்பு அவனை இசுலாம் தழுவச் செய்தான். பின்னர் ஐயுற்றுச் சிறையில் இட்டான். சீரங்கப்பட்டணம் வீழ்ந்த குழப்பத்தில் அச்சிறைக் கதவு திறந்தது. வெளியே வந்தவனுக்கு நாடில்லை, பொருளில்லை. ஆயின் ஆட்கள் இருந்தனர். திப்புவின் குதிரைவீரர் ஆயிரக்கணக்கில் வேலையிழந்து திரிந்த காலம் அது. ஊதியமும் தலைவனும் இன்றி அலைந்த அவ்வீரர்களுக்குத் தூந்தாஜி தலைவனானான்.

1799 ஆகஸ்டில் டால்ரிம்பிள், ஸ்டீவன்சன் என்னும் இருவரும் அவனைச் சிகாரிபுரத்தின் அருகே முறியடித்து எல்லைக்கு அப்பால் விரட்டினர். அங்கே கோகலே காத்திருந்து அவன் பாளையத்தைச் சூறையாடினார். முடிந்தது என்றே கும்பினியார் எண்ணினர். அடுத்த கோடையில் அவன் முன்னினும் பன்மடங்கு படையுடன் திரும்பிவந்தான். இம்முறை அவன் சூடிய பட்டம் ‘உபயலோகாதீசுவரன்’. இரண்டு உலகங்களுக்கும் அதிபன்! வெள்ளை அதிகாரிகள் தங்கள் மடல்களில் இப்பட்டத்தைச் சொல்லிச் சொல்லி நகைத்தனர். நகைத்தவர்களே ஐந்து படைப்பிரிவுகளை அவன் பின்னால் ஓடவிட்டதும் உண்டா என எண்ணும் அளவிற்கு அவனைத் தேடி அலைந்தனர் என்பதும் அம்மடல்களிலேயே உள்ளது.

ஈண்டு ஒரு செய்தி. 1800 மே மாதம் தலைமை ஆளுநர், தம் தம்பியாகிய ஆர்தருக்கு ஒரு பெரும்பதவியை முன்வைத்தார்: டச்சுக்காரர்களின் கீழைநாட்டுத் தலைநகராகிய பட்டேவியாவைக் கைப்பற்றச் செல்லும் படைக்குத் தலைமை. புகழும் பொருளும் ஒருங்கே தரும் வாய்ப்பு. அதனை ஆர்தர் ஏற்கவில்லை. தூந்தாஜி உயிருடன் இருக்கும்வரை மைசூரைவிட்டுத் தாம் நகர்வது தகாது என்று கருதினார். ‘கொள்ளைக்காரன்’ ஒருவனுக்காகப் பட்டேவியாவை விடும் தளபதி உண்டோ? அவனை எப்பெயரால் அழைத்தபோதும், எதிரி அவனை எடைபோட்ட அளவு இது.

டச்சுக்காரர் என்றதும் வேறொரு போர்க்களம் நினைவிற்கு வருகிறது. தமிழர்க்கு டச்சுக்காரர் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் கோட்டையும் பண்டசாலையும் கட்டிய வணிகராகவே அறிமுகம். ஆயின் அதே மக்கள் 16 ஆம் நூற்றாண்டில் இசுப்பானிய மன்னன் பிலிப்பின் ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்தவர்கள். 1566 இல் முறையிட வந்த பிரபுக்களை அரசவையார் ‘பிச்சைக்காரர்’ என இகழ, அப்பெயரையே அவர்கள் விருதாகச் சூடிக்கொண்டனர். ‘கடற் பிச்சைக்காரர்’ 1572 இல் பிரியல் துறைமுகத்தைப் பிடித்தனர். 1576 இல் வடக்கு தெற்கு என்ற வேறுபாடு மறந்து மாநிலங்கள் பெரும்பாலும் ஒன்றிணைந்தன. 1578 சனவரி 31 ஆம் நாள் ஜெம்புளூ என்ற ஊரருகே அந்த ஒற்றுமைக்கு இடி விழுந்தது. பின்வாங்கிச் சென்றுகொண்டிருந்த கிளர்ச்சிப் படையின் வாலைப் பற்றிய இசுப்பானியக் குதிரைப்படை, தன் காலாட்படை வந்து சேரும் முன்னரே அதனைச் சிதறடித்தது. பல்லாயிரவர் மாண்டனர், வென்றவர் இழப்போ மிகச் சில. அடுத்த ஆண்டு சனவரியிலேயே மாநிலங்கள் இரண்டாகப் பிரிந்தன. ஆரசு ஒப்பந்தம் செய்துகொண்ட தென்பகுதியினர் மன்னனிடம் திரும்பினர். உத்ரெக்ட் ஒப்பந்தம் செய்துகொண்ட வடபகுதியினர் போரைத் தொடர்ந்து 1648 இல் விடுதலையை எழுத்தில் பெற்றனர்.

அந்த ஜெம்புளூவிற்கும் வெல்லெஸ்லி பின்னாளில் வென்ற வாட்டர்லூவிற்கும் இடைத்தொலைவு மிகுதியன்று. வாட்டர்லூவிற்கு முன்னாளிரவு நெப்போலியனின் தளபதி குரூசி தங்கியது ஜெம்புளூவில்தான். வரலாற்றில் இத்தகைய தற்செயல்களைக் கண்டு மகிழலாம். அவற்றின்மேல் எதையும் கட்டக்கூடாது. நான் ஒப்பிட விரும்புவது வேறு. ஜெம்புளூவிலும் கோணகல்லிலும் போரை முடித்தது குதிரைப்படை ஒன்றே. இரண்டும் தனித்தனி நாட்டார் சேர்ந்தமைத்த, அல்லது அமைக்க முயன்ற, ஒரு கூட்டணியின் முதுகெலும்பில் விழுந்த அடிகள்.

கூட்டணி என்ற சொல்லை நான் எளிதில் வழங்கவில்லை. தென்னாட்டுக் கிளர்ச்சியைப் பற்றிப் பேராசிரியர் கே. ராசய்யன் எழுதிய ஆங்கில நூல் 1971 இல் வெளிவந்தது; வெளியிட்டவர்கள் நம் மைசூர் பதிப்பாளர்கள் என்பதில் நமக்கு ஒரு சிறு பெருமை. அதுவரை தனித்தனி பாளையக்காரர் கலகங்களாக எண்ணப்பட்டவற்றை 1800–1801 ஆம் ஆண்டுகளின் ஒரே இயக்கமாக அவர் இணைத்துக் காட்டினார். சிவகங்கையில் மருது சகோதரர், திண்டுக்கல் பக்கம் விருப்பாட்சிக் கோபால நாயக்கர், மலையாளத்தில் பழசி கேரளவர்மன், மைசூரின் மேற்கு மலைச்சரிவில் பாலம் என்னும் நாட்டின் கிருஷ்ணப்ப நாயக்கர், வடக்கே தூந்தாஜி. விருப்பாட்சியிலிருந்து தூதர் தூந்தாஜியிடம் சென்றனர் என்றும், குதிரைப்படை அனுப்ப அவன் இசைந்தான் என்றும் அவர் எழுதுகிறார்.

1800 சூன் 3 ஆம் நாள் கோவைக் கோட்டையைத் தாக்குவது திட்டம். முகர்ரம் திருநாளின் பத்தாம் நாள் அது. காவலர் கவனம் திருவிழாவில் இருக்கும். திட்டம் முன்கூட்டியே வெளிப்பட்டது. தலைவர்களுள் ஒருவனான முகமது ஆசம் பிடிபட்டபோது, தோழரைக் காட்டிக்கொடுக்க நேருமோ என்றஞ்சித் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டான். நாற்பதுக்கும் மேற்பட்டோர் தூக்கிலிடப்பட்டனர். அவ்வேளையில் தூந்தாஜி எங்கிருந்தான்? கோவைக்கு நூற்றுக்கணக்கான கல் வடக்கே, துங்கபத்திரைக்கு அப்பால், சவணூர்-தார்வார்ச் சமவெளியில். இடையே கிடந்தது மைசூர் அரசு முழுவதும். ஐந்து வயதுச் சிறுவரை அரியணையில் அமர்த்தி, திவான் பூர்ணையாவின் கையில் ஆட்சியைத் தந்து, கும்பினியார் 1799 சூனில் நிறுவிய அரசு. அப்பூர்ணையா அனுப்பிய தானியமும் எருதுகளும் குதிரைவீரரும் இன்றேல் வெல்லெஸ்லியின் படையெடுப்பே நடந்திராது. திப்புவின் ஊழியராக இருந்து வளர்ந்தவர் பூர்ணையா. திப்புவின் சிறையிலிருந்து வந்தவன் தூந்தாஜி. யார் எப்பக்கம் நின்றார் என்பதை இன்று நாம் அமைதியாக அமர்ந்து தீர்ப்புக்கூறுவது எளிது. பூர்ணையா காத்தது ஒரு நாட்டின் நெல்லையும் நெசவையும் என்பதை மைசூரில் வாழும் நாம் மறுத்தல் இயலாது.

சூன் 24 அளவில் வெல்லெஸ்லி அரிகரத்தில் துங்கபத்திரையைக் கடந்தார். மழைக்காலம் தொடங்கிவிட்டது. போர்வினையை மழையோடு நிறுத்துவதே நம் மன்னர் மரபு. கூதிர்ப்பாசறை என்று இலக்கியம் தனியே பெயரிட்டுச் சொல்லும் அளவிற்கு அது அரிய நிகழ்ச்சி. வெல்லெஸ்லி அதனைத் தலைகீழாக எண்ணினார். ஆறுகள் நிறைந்தோடும் காலமே தமக்கு உகந்த காலம். ஏனெனில் தம்மிடம் பரிசல் உண்டு, எதிரியிடம் இல்லை. மூங்கிலும் தோலும் கொண்டு முடைந்த பரிசல்கள்! காவிரிக்கரையிலும் கபினிக்கரையிலும் நாம் நாள்தோறும் காணும் எளிய பொருள். ஒகேனக்கல்லில் அதில் ஏறிச் சுற்றிவருகிறோம். ஒரு பேரரசு அதில் ஏறி ஆற்றைக் கடந்தது.

சூன் 30 ஆம் நாள் தூந்தாஜி தன் பழம்பகைவர் கோகலேயைக் கித்தூர்ப் பக்கம் எதிர்கொண்டு கொன்றான். அவர் குருதியில் தன் மீசையைத் தோய்ப்பதாக முன்பு சூளுரைத்திருந்தான் என்றும், அவ்வாறே செய்தான் என்றும் சொல்வர். அவன் வாழ்வின் உச்சம் அது. அதன்பின் நாற்பது நாள் முழுவதும் இழப்பே. சவணூர், குந்தகோல், லட்சுமேசுவரம், தம்பள் எனக் கோட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. சூலை 30 ஆம் நாள் மலப்பிரபை ஆற்றங்கரையில், மனோளிக்கு எதிரே, அவன் பாளையத்தின் ஒரு பகுதி ஆறு கடக்கவியலாமல் தங்கியிருந்தது. வெல்லெஸ்லி அதன்மேல் பாய்ந்தார். பீரங்கியும் யானையும் ஒட்டகமும் அகப்பட்டன. ஏறத்தாழ ஐயாயிரம் பேரை வெள்ளத்தில் தள்ளி மூழ்கடித்ததாக, அப்போது கன்னடக் கரையோரத்தில் கலெக்டராயிருந்த தாமசு மன்றோவுக்கு அவரே மடல் எழுதினார். பாளையம் என்றால் வீரர் மட்டுமல்லர். பெண்டிரும் சிறாரும் சந்தைக்காரரும் இருந்திருப்பர். அந்த ஐயாயிரவர் ஒருவரின் பெயரையும் நாம் அறியோம்.

இவ்விடத்தில் நெதர்லாந்தை மீண்டும் நினைக்கிறேன். அங்கே தண்ணீர் கிளர்ச்சியாளர் பக்கம் நின்றது. 1574 இல் லெய்டன் நகரை இசுப்பானியர் முற்றுகையிட்டபோது, தம் விளைநிலம் அழியுமென்று அறிந்தே அணைகரைகளை வெட்டிக் கடலை உள்ளே விட்டனர். பிச்சைக்காரரின் படகுகள் வயல்மேல் மிதந்துவந்து நகரை மீட்டன. ஜெம்புளூவில் நிலத்தில் தோற்றவர் பின்வாங்குவதற்கு, ஆறும் சதுப்பும் கடலும் சூழ்ந்த வடபகுதி இருந்தது. மதிலும் வணிகமும் உடைய நகரங்கள் இருந்தன. தூந்தாஜிக்கு அத்தகைய நிலமில்லை. அவன் ஊர் அவன் குதிரையின் முதுகு. பகலில் கப்பம் தண்டிய ஊர் இரவில் அவனுக்குக் கதவு திறக்கவில்லை. இரண்டு உலகிற்கும் அதிபன் எனப் பட்டம் சூடியவனுக்கு ஒரு தாலுகா நிலையாக இல்லை. அவன் தோல்விக்குக் காரணம் கேட்டால் நான் படைக்கலத்தைச் சொல்லேன், இதனையே சொல்வேன்.

ஆகஸ்டு முழுவதும் மலப்பிரபைக் கரையெங்கும் துரத்தல். மேற்கே வெல்லெஸ்லி, வேறு வழியில் ஸ்டீவன்சன், கிழக்கே நிசாமின் படைகள் என வலை சுருங்கியது. தூந்தாஜி கிருட்டிணைக்கும் துங்கபத்திரைக்கும் இடைப்பட்ட, அன்று நிசாமின் ஆட்சியிலிருந்த நிலத்தில் நுழைந்தான். செப்டம்பர் 9 ஆம் நாள் இரவு, எப்பல்பர்வி என்ற ஊரில் தங்கிய வெல்லெஸ்லிக்குச் சில கல் தொலைவில் அவன் பாளையம் இருந்தது. காலையில் இரு படையும் கண்டுகொண்டன. கோணகல் ஊரும் அதன் பாறையும் தன் பின்புறத்தையும் இடப்புறத்தையும் காக்க, தூந்தாஜி ஏறத்தாழ 5,000 குதிரைவீரருடன் நின்றான். வெல்லெஸ்லியிடம் இருந்தவை நான்கு குதிரைப்படைப் பிரிவுகள்: 19 ஆம், 25 ஆம் இலகு டிராகூன் பிரிவுகள், சென்னைச் சுதேசிக் குதிரைப்படையின் முதற்பிரிவும் இரண்டாம் பிரிவும். காலாட்படை வந்து சேரவில்லை. தன் படையின் நீளம் போதாமையால், பின்னே துணைப்படை எதனையும் நிறுத்தாமல், நான்கையும் ஒரே வரிசையாக விரித்துத் தாமே முன்னின்று செலுத்தினார். எதிரே நின்றோர் சிறிது நேரம் அசையாது நின்றனர் என்று வென்றவரே எழுதியுள்ளார். பின் சிதறினர். தூந்தாஜி அக்களத்தில் மாண்டான். அவன் உடலை அடையாளம் கண்டு, 19 ஆம் பிரிவின் பீரங்கி வண்டியில் கட்டிப் பாளையத்திற்குக் கொண்டுவந்தனர்.

அவ்வரிசையில் பாதி சென்னை மாகாணக் குதிரைவீரர் என்பதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை நேர்மையுடையதாகாது. சென்னைக் குதிரைப்படையின் வேர் ஆர்க்காட்டு நவாபின் படையில் இருந்தது. 1780களில் கும்பினி அதனைத் தன்வயப்படுத்தியது. ஆக, விருப்பாட்சியும் சிவகங்கையும் எதிர்நோக்கியிருந்த குதிரைகளை மறித்து வெட்டிய வாட்களுள் தமிழகத்தின் வாட்களும் இருந்தன. ஜெம்புளூவிலும் இசுப்பானியக் கொடியின்கீழ் நின்றோர் எல்லாரும் இசுப்பானியர் அல்லர். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆயினும் எழுதும்போது கை சற்றே தயங்குகிறது.

மன்றோ வெல்லெஸ்லிக்கு எழுதிய மறுமொழி நகைச்சுவை நிரம்பியது. நீங்கள் குறுக்கிடாதிருந்தால் இவன் ஒரு புதிய சுல்தான் மரபையே தோற்றுவித்திருப்பான் என்னும் கருத்தை அவர் விளையாட்டாக எழுதினார். விளையாட்டிலும் உண்மை உண்டு. ஐதர் அலியும் ஒரு காலத்தில் வேறொருவர் படையில் சிறு குதிரைத் தலைவனே. வென்றால் அரசன், தோற்றால் கொள்ளைக்காரன் என்பதே பெயரிடுவோர் வழக்கம். எனினும் தூந்தாஜியைத் தூய விடுதலை வீரனாக வரைந்து மாலையிடவும் எனக்கு மனம் ஒப்பவில்லை. அவன் தண்டிய கப்பம் உழவர் வீட்டிலிருந்து வந்தது. மருது சகோதரருக்கு இருந்த குடிகளின் அன்பு அவனுக்கு இருந்ததாகக் கொள்ளச் சான்றில்லை. அவன் ஒரு வாய்ப்பாக இருந்தான். பிறர் அவ்வாய்ப்பின்மேல் நம்பிக்கை வைத்தனர்.

அந்நம்பிக்கை எவ்வளவு பெரிது என்பதை நாட்காட்டி காட்டும். கோவைத் தாக்குதல் 1800 சூனில், கோணகல் செப்டம்பரில். ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து மீண்டது 1801 பிப்ரவரி 2 ஆம் நாள். இடையே ஐந்து மாதம். தூந்தாஜி உயிருடன் இருந்த காலத்தில் கும்பினியின் சிறந்த குதிரைப்படையும் சிறந்த தளபதியும் துங்கபத்திரைக்கு வடக்கே கட்டுண்டு கிடந்தனர். அப்போது நெல்லைச் சீமை அடங்கியிருந்தது. நெல்லைச் சீமை எழுந்தபோது வடக்கே எவருமில்லை. மண்ணால் மீண்டும் எழுப்பிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை அதன்பின் மூன்றரைத் திங்களுக்கும் மேலாக நின்றது. 1801 மே 24 ஆம் நாள் வீழ்ந்தது. சூன் 16 ஆம் நாள் சின்ன மருதுவின் அறிக்கை திருச்சிராப்பள்ளிக் கோட்டை வாயிலிலும் திருவரங்கத்து மதிலிலும் ஒட்டப்பட்டு, சம்புத்தீவின் எல்லாச் சாதியாரையும் எழுமாறு அழைத்தது. அவ்வழைப்பைக் கேட்டுக் குதிரையேறி வரவல்லவன் ஒன்பது மாதங்களுக்கு முன்பே மாண்டிருந்தான். காளையார்கோயில் அக்டோபர் முதல் நாள் வீழ்ந்தது. அக்டோபர் 24 ஆம் நாள் மருது சகோதரர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். நவம்பரில் பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரை. பாலத்துக் காட்டரணை வெல்லெஸ்லியே 1802 சனவரியில் தகர்த்தார். அடுத்த மாதம் அதன் தலைவரும் தூக்கிலேறினார். பழசி 1805 நவம்பர் 30 வரை வயநாட்டுக் காட்டில் நின்றார். காடு அவருக்கு ஒரு நெதர்லாந்தாக இருந்தது எனலாம். மற்றவர்க்கு அது நெடுநாள் உதவவில்லை.

தூந்தாஜியின் ஐயாயிரம் குதிரையும் வந்திருந்தால் காளையார்கோயில் நின்றிருக்குமா? நான் நின்றிருக்கும் என்று சொல்லத் துணியேன். சிவகங்கைக் காட்டில் குதிரைக்கு என்ன வேலை? வளரியும் வல்லயமுமே அங்கே போர்க்கலம். கோணகல் கெடுத்தது வேறொன்று. பல இடங்களில் ஒரே நேரத்தில் எரிய வேண்டிய தீயை, ஒன்று அணைந்தபின் ஒன்றாக எரியும்படி அது செய்தது. ஒரே குதிரைப்படையும் ஒரே கருவூலமும் ஒவ்வொன்றாகச் சென்று அணைப்பதற்கு அது போதுமாயிற்று. அப்படையின் நடை பின்னும் தொடர்ந்தது. கோணகல்லில் பாய்ந்த 19 ஆம் டிராகூன் பிரிவே 1803 இல் அசேயிலும் பாய்ந்தது. 1806 சூலை 10 ஆம் நாள் காலை, வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்து திப்புவின் கொடியை ஏற்றிய செய்தி கேட்டு ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி விரைந்தபோது, அவர் பின் ஓடிய குதிரைகளும் அப்பிரிவினுடையவையே.

வென்றவர்க்குக் களவழி பாடுவோர் எக்காலத்தும் உண்டு. வெண்ணிப் பறந்தலையில் வென்ற கரிகாலன் முன்னரே, தோற்று வடக்கிருந்த சேரனைப் போற்றிப் பாடிய வெண்ணிக்குயத்தியார் போன்றோர் அரியர். கோணகல் பாறையருகே அத்தகையார் எவரும் இல்லை. அக்களத்திலிருந்து வந்தவற்றுள் ஒன்று மட்டும் நம் ஊரோடு ஒட்டிக்கொண்டது.

தூந்தாஜியின் பாளையத்து மூட்டை முடிச்சுகளுக்கிடையே நான்கு வயதளவான சிறுவன் ஒருவன் அகப்பட்டான், பெயர் சலாபத்துக்கான். தூந்தாஜியின் மகன் என்றும் வளர்ப்பு மகன் என்றும் சொல்வர். அவனை வெல்லெஸ்லி தம் கூடாரத்திற்குக் கொண்டுசென்று பேணினார். 1805 இல் இந்தியாவைவிட்டு நீங்கும்போது அவன் வளர்ப்பிற்கெனப் பணம் ஒதுக்கி, சீரங்கப்பட்டணத்து நீதிபதியிடம் ஒப்படைத்துச் சென்றார். சிறுவன் வளர்ந்து மைசூர் மன்னரின் பணியில் சேர்ந்தான். தந்தையைக் கொன்ற படைத்தலைவன் ஐரோப்பாவில் கோமகனாகி, வாட்டர்லூவில் வென்ற செய்தி இவ்வூருக்கு வந்தபோது அவனுக்கு ஏறத்தாழ இருபது வயது. 1822 இல் வாந்திபேதி நோய்கண்டு இறந்தான்.